உஷார்! பள்ளி பூட்டிய வாரத்தில் வாசலுக்கு வருகிற வேன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு தென் மாவட்டக் கிராமங்களுக்குள் வேன்கள் வரத் தொடங்கும். தேனி, விருதுநகர், ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று மானாவாரி ஊர்களாகப் பார்த்து வரும். இறங்குகிறவர் முன்பின் தெரியாத ஆள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். கொண்டான் கொடுத்தான் வகையில் தூரத்து உறவாக இருப்பார். போன வருஷம் இதே வேனில் போன பெண்ணின் சித்தப்பாவாகக்கூட இருப்பார். எந்த வீட்டில் தகப்பன் இல்லை, எந்த வீட்டில் வாரக் கடன் தவணை நிற்கிறது, எந்தப் பிள்ளை கணக்குப் பரீட்சையில் தடுமாறியது, எல்லாம் அவருக்கு அத்துபடி. அந்த வீட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை உஷாராக இருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த வாரங்களில் வருகைப் பதிவேடு இல்லை. மதியச் சத்துணவு இல்லை. காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தெருவில் போகிற பிள்ளைகளில் யார் குறைகிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. ஜூனில் பள்ளி திறந்து பேர் கூப்பிடும்போது, "அவ பெரியம்மா ஊருக்குப் போயிட்டா டீச்சர்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சொல்வாள். அந்தப் பெரியம்மா ஊர், பல நேரங்களில் ஈரோட்டிலோ திருப்பூரிலோ திண்டுக்கல்லிலோ இருக்கிற ஒரு நூற்பாலையின் விடுதி. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று ஆசிரியர் காத்திருந்தால், அதற்குள் வீட்டில் கொடுத்த அட்வான்ஸ் செலவாகிவிடும். அட்வான்சைத் திருப்பித் தர வழியில்லாத வீடு பிள்ளையைத் திரும்பக் கூப்பிடத் துணியாது.

தரகரின் பேச்சில் மிரட்டல் துளியும் இருக்காது. "ஏக்கா, பாப்பா ரெண்டு பாடத்துல போயிருச்சாமே, அதுக்கு எதுக்கு அழுதுக்கிட்டு? மில்லுல ஹாஸ்டல் இருக்கு, மூணு வேளை சாப்பாடு இருக்கு, வார்டன் அம்மா இருக்காங்க. கேட்டைத் தாண்டி வெளிய விடமாட்டாங்க. பொம்பளப் புள்ளைக்கு அதவிடப் பாதுகாப்பு எங்க இருக்கு? மூணு வருசம் ஓட்டிட்டா மொத்தமா ஒரு தொகை. நகைக்கு ஆச்சு. இப்போதைக்குக் கைச்செலவுக்கு இத வச்சுக்க." அந்தத் தாயின் ஒவ்வொரு பயத்துக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. பிள்ளை சும்மா வீட்டில் இருந்தால் யாரையாவது நம்பிப் போய்விடுமோ, சீர்வரிசைக்கு என்ன செய்வது, திங்கட்கிழமை தவணைக்காரருக்கு என்ன சொல்வது. இந்தப் பயங்களைக் கேட்டுக்கொள்ள வேறு யாரும் அந்தத் திண்ணையில் வந்து உட்காரவில்லை. தரகர் உட்காருகிறார்.

கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பெண்களை மில்லுக்குச் சேர்த்த சுமங்கலித் திட்டம் எல்லாம் ஒழிந்துபோன பழைய கதை என்று சொல்கிறவர்கள் உண்டு. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த விஷயத்தை ஐரோப்பாவின் பெரிய ஆடை நிறுவனங்கள் வரை கொண்டுபோனது. அதன்பிறகு அந்தப் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. கேம்ப் கூலி, ஹாஸ்டல் வேலை, பயிற்சிக் காலம் என்ற பெயர்களில் அதே ஏற்பாடு தொடர்கிற இடங்கள் இருக்கின்றன. மூன்று வருஷ முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று பேசுவார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் அந்தத் தொகை கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் கூடுதலாக அரை ஷிப்ட் நிற்கச் சொல்வார்கள். போனில் பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்கும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மட்டும்தான் ஊருக்கு அனுப்புவார்கள். பஞ்சுத் தூசி நுரையீரலில் சேர்ந்து, இருபது வயதில் இளைப்போடு வீட்டுக்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேசின தொகையைவிட வைத்தியச் செலவு அதிகம்.

எல்லா ஆலையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு முடிந்த பெண் தானே முடிவெடுத்துப் போகிறாள், மாதச் சம்பளம் அவள் வங்கிக் கணக்கில் விழுகிறது, வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்றால் அது நேர்மையான வேலை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். பதினாறு வயதுப் பெண்ணின் ஆதாரில் பிறந்த வருஷத்தைத் திருத்த யாராவது அலைந்தாலோ, வயதைக் கூட்டிச் சான்று வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலோ, சந்தேகத்துக்கே இடமில்லை.

பையன்களைத் தேடி வருகிறவர்கள் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வட மாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்குச் சிறுவர்களைக் கூட்டிப்போவது பல வருஷமாக நடக்கிறது. விடியற்காலையில் எண்ணெய்ச் சட்டி முன் உட்கார வைத்தால் ராத்திரிதான் எழுந்திருக்க முடியும். மொழி தெரியாத ஊர், ஓடினாலும் எந்த ரயிலில் ஏறுவது என்று தெரியாது. காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்ததும் வயல்களில் ஆட்டுக்கிடை போடக் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். அந்த மந்தையின் பின்னால் கம்போடு நடக்கிற பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் யாருடைய மகன் என்று கேட்டால், பல நேரம் கீதாரியின் மகனாக இருக்க மாட்டான். வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசித் தகப்பனிடம் பணம் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்த பிள்ளையாக இருப்பான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வீடும் தென்னையும் போன பிறகு, அங்கே குடும்பங்கள் பிள்ளைகளை இப்படிக் கிடைக்கு அனுப்பியது செய்திகளில் வந்தது. புயல், வெள்ளம், வீட்டில் ஒரு சாவு, எது நடந்தாலும் அடுத்த மாதம் அந்த வீட்டில் பள்ளிக்கூடப் பையன் இருக்கிறானா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

2025இல் நடந்ததைச் சொல்கிறேன். ஆந்திராவைச் சேர்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, வாத்து மேய்க்கிறவரிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கி, அதற்காகக் குடும்பத்தோடு வேலை செய்தது. தகப்பன் இறந்தார். தாய் ஊருக்குத் திரும்ப நினைத்தபோது வட்டியோடு சேர்த்து 45,000 கேட்டார்கள். பணம் கொண்டுவரும் வரை ஒரு மகன் இங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவனுக்கு ஒன்பது வயது. தாய் பணத்தைப் புரட்டிக்கொண்டு கேட்டபோது, பையன் எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்றார்கள். போலீஸ் விசாரித்தபோது, அவன் உடலைக் காஞ்சிபுரத்துப் பாலாற்றங்கரையில் புதைத்தது தெரியவந்தது. மஞ்சள் காமாலையில் இறந்தான் என்று சொன்னார்கள். இதெல்லாம் எங்கோ மலைக்காட்டில் நடக்கவில்லை, சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்தது. அந்த வாத்துக் கூட்டத்தை எத்தனை ஊர்க்காரர்கள் கடந்து போயிருப்பார்கள்! பின்னால் நடந்த பையனிடம், "தம்பி, எந்த ஸ்கூல்?" என்று ஒருவர் நின்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

கல்யாணத் தரகரும் இதே வாரங்களில்தான் வருகிறார். வைகாசி முகூர்த்தங்கள் பள்ளி திறப்பதற்கு முன்னும் பின்னும் விழும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பதினெட்டு முடியும் முன்பே கல்யாணம் ஆனவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். இந்தியா முழுவதற்கும் அது 23.3. நாம் பரவாயில்லை என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை. எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது ஒவ்வொரு வகுப்பறையிலும் இரண்டு மூன்று பேர். கல்யாணம் மண்டபத்தில் நடக்காது, பத்திரிகை அடிக்க மாட்டார்கள். விடியுமுன் ஒரு கோயிலில் முடித்துவிட்டு, மாமன் மகன்தானே, பேச்சு முடித்து வைத்திருக்கிறோம் என்பார்கள். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தாலி கட்டியவரை மட்டும் தண்டிப்பதில்லை. நடத்தி வைத்தவர், துணை நின்றவர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. தாம்பூலப் பையோடு திரும்பிய உறவினர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொருவர் வருவார். அவரைத் தரகர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு, கையில் கலர் நோட்டீஸ். "உங்க பிள்ளைய நாங்க இலவசமாப் படிக்க வைக்கிறோம், இங்கிலீஷ் மீடியம், தங்குற இடம் இலவசம்" என்பார். உண்மையாகவே படிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளையை அநாதை என்று போட்டோ எடுத்து நன்கொடை வாங்குகிற விடுதிகளும் உண்டு. அங்கே போன பிள்ளைக்கு நடக்கிற கொடுமைகளைப் பல வருஷம் கழித்துத்தான் ஊர் கேள்விப்படும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் கீழ் பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லம் நடத்தக் கூடாது. நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நேரமும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். அரசாங்கத்திலேயே ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, பழங்குடியினருக்கு உண்டு உறைவிடப் பள்ளி, பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி என்று இருக்கின்றன. முதலில் அங்கே கேட்டுவிட்டு மற்றதைப் பேசலாம்.

எந்த வீட்டைக் கவனிப்பது? ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, சேர்த்துப் பார்ப்பதில்லை அவ்வளவுதான். அக்கா போன மில்லுக்குத் தங்கையும் போவாள். தகப்பன் இறந்த ஆறு மாதத்துக்குள் மூத்த பையன் வேலைக்குப் போவான். குழுக் கடனில் ஓடி ஒளிகிற வீட்டில் திடீரென்று தவணை நேராகிறது என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆதார் ஜெராக்சும் எடுக்கக் கடைக்கு யார் கூட்டி வந்தார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியும். ஊர்த் திருவிழாவில் ராட்டினத்துப் பக்கம் தலை காட்டாத பையன் எங்கே என்று சக பையன்களுக்குத் தெரியும். பெரியவர்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசி கேட்டு வருகிற பெற்றோரிடம், எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஜூனில் அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. பத்தாவதில் பெயிலான பிள்ளையின் வீட்டுக்கு ரிசல்ட் அன்றைக்கே யாராவது போக வேண்டும். துணைத் தேர்வு இருக்கிறது, ஒரு வருஷம் வீணாகாது என்பதே பாதி வீடுகளுக்குத் தெரியாது. பெயில் என்றால் படிப்பு முடிந்தது என்று நினைத்துத்தான் அவர்கள் தரகருக்குக் கதவைத் திறக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். மூன்று வருஷத்தில் அது 36,000 ரூபாய். மில்லில் மொத்தமாகத் தருவதாகச் சொல்கிற தொகைக்குப் பக்கத்தில் இதை வைத்து, அந்தத் தாய்க்கு விரல்விட்டுக் கணக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிள்ளையை மட்டும் பார்த்தால் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. அதிகாரிகள் ஜீப்பில் போய் ஒரு சிறுவனை மீட்பார்கள், பத்திரிகையில் படம் வரும், வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த வீட்டில் கடன் அப்படியே இருக்கும். குடிக்கிற தகப்பன் அப்படியே இருப்பார், காசநோயில் படுத்த தாய் அப்படியே இருப்பாள். ஆறு மாதத்தில் அதே சிறுவன் வேறு மாவட்டத்தில் வேறு மந்தையின் பின்னால் நடப்பான். அவனை யாரும் இரண்டாம் முறை தேட மாட்டார்கள். பெற்றோரைத் திட்டுவதும் பயன் தராது. பெற்ற பிள்ளையை விற்றுவிட்டாளே என்று ஊர் பேசும். அவளோ ஊரில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிப் போவாள். அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரும்போது அவளிடம் போய்ப் பேச யாருக்கும் முகம் இருக்காது.

குடும்பத்தோடு வேலை செய்கிற சமூகப் பணியாளர் முதல் நாள் போய்ப் புத்திமதி சொல்ல மாட்டார். யாரிடம் எவ்வளவு கடன், வட்டி என்ன, எதற்கு வாங்கியது என்று பொறுமையாக எழுதுவார். பாதி வீடுகளில் அந்தக் கணக்கை அதற்கு முன் யாருமே எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டு யார் பேரில் இருக்கிறது, விதவைப் பென்ஷன் மாதம் 1,200 வருகிறதா, மகளிர் உரிமைத் தொகைக்கு மனு ஏன் தள்ளுபடியானது என்று பார்ப்பார். இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி வீடுகளில் வேறொரு முடிச்சு இருக்கும், சாதிச் சான்றிதழ். அது இல்லாமல் விடுதி இல்லை, உதவித்தொகை இல்லை. பத்தாவது வரை வந்த பிள்ளைகள் அந்த ஒரு காகிதத்துக்காக வருஷக்கணக்கில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுப் படிப்பை விட்டிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை வாங்கித் தருவது நூறு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமம் என்பேன்.

பணமும் இருக்கிறது, கேட்கிறவர்கள்தான் குறைவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. தகப்பன் இறந்த வீடு, கைவிடப்பட்ட தாய், உயிர்க்கொல்லி நோயில் இருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை, இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 உண்டு. நிதி ஒதுக்கீட்டுக்கு ஏற்பத்தான் கிடைக்கும், எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. அதனால்தான் ஏப்ரலிலேயே மனு போட வேண்டும், பிள்ளை போன பிறகு போட்டு என்ன பயன்?

இது நடக்காத காரியம் என்று நினைக்கிறவர்களுக்கு தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தைக் காட்டுவேன். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த சாந்தா சின்ஹா, எம்.வி. ஃபவுண்டேஷன் மூலம் 1990களின் தொடக்கத்தில் அங்கே வேலையைத் தொடங்கினார். பள்ளிக்கு வெளியே இருக்கிற எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. மாடு மேய்த்தாலும், வீட்டில் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டாலும் அதே கணக்கு. ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள், பண்ணையாரிடமும் பேசினார்கள். பத்து வயதுப் பையனைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கத்தில் ஓடிவிடுவான் என்று, தங்கிப் படிக்கும் முகாம்கள் வைத்துச் சில மாதங்களில் அவன் வயதுக்குரிய வகுப்புக்குத் தயார் செய்தார்கள். ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்ற பேச்சு பொய் என்பது அங்கே தெரிந்தது. வழி காட்டியதும் அவர்களே கூலி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவாகவே இருக்கிறது. வயதுச் சான்று இல்லை, டிசி இல்லை என்று எந்தப் பள்ளியும் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆனால் அந்தச் சட்டம் பதினான்கு வயதோடு நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016 திருத்தத்துக்குப் பிறகு, பதினான்குக்குள் எந்த வேலையும் கூடாது என்கிறது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை அபாயமான தொழில்களை மட்டும் தடுக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கும் உண்டு. தரகர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். "பதினஞ்சு முடிஞ்சிருச்சு சார், சட்டத்துக்கு உட்பட்டுத்தான்" என்பார்கள். மயங்காதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு வரை குழந்தைதான். அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைத்தால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வயதே பார்க்காது.

அந்த 1976 சட்டத்தில் ஒரு விஷயத்தை ஒவ்வொரு கிராமத்துச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும்: கொத்தடிமையாக வைக்கக் காரணமான கடன் ரத்து. திருப்பித் தர வேண்டியதில்லை. மீட்ட பிறகு வருவாய்க் கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும், அது கையில் இருந்தால்தான் மறுவாழ்வு உதவி. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். குழந்தை என்றால் மொத்த மறுவாழ்வுத் தொகை 2 லட்சம், கொடுமை அதிகமான வழக்குகளில் 3 லட்சம். சான்றிதழ் இல்லாமல் சமாதானம் பேசி அனுப்பி வைத்த பிள்ளைக்கு இதில் ஒரு ரூபாய் வராது.

செய்யக் கூடாதவையும் உண்டு. முதலாளிக்குப் போன் போட்டு "அந்தப் பையன் அங்கதான் இருக்கானா?" என்று விசாரிக்காதீர்கள், அடுத்த மணி நேரத்தில் பையன் வேறு இடத்துக்குப் போய்விடுவான். பிள்ளையின் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டாலும் குற்றம்தான், அந்தப் பிள்ளை ஊர் திரும்பித் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்து "ஏதோ கொடுத்து முடிச்சுக்குங்க" என்று பேசாதீர்கள். பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இருந்தால் அதைத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, மறைத்தால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

செய்ய வேண்டியது, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன். எந்த ஊர், எந்த இடம், பிள்ளைக்குச் சுமாராக என்ன வயது, எப்போது பார்த்தீர்கள், வண்டி நம்பர் தெரியுமா, இவ்வளவு சொன்னால் போதும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கல்யாண ஏற்பாடு என்றால் மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் சொல்லுங்கள், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். மீட்கப்பட்ட பிள்ளையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், நிறுத்தினார்களா என்று கேளுங்கள். பள்ளிச் சேர்க்கை, துணைத் தேர்வு, அடுத்து என்ன படிப்பது என்பதற்கெல்லாம் கல்வி உதவி எண் 14417. உங்கள் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்திலாவது இருக்கும். அதில் யார் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். மாவட்ட அலுவலகத்தில் களப்பணிக்கு இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அங்கன்வாடிப் பணியாளர், சுயஉதவிக் குழு அக்காமார்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், வேன் டிரைவர் இவர்களெல்லாம் கண் வைக்காமல் அவர்களால் எல்லா ஊருக்கும் வர முடியாது.

நகரத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. "ஊர்லேருந்து ஒரு பொண்ணு கிடைச்சா நல்லா இருக்கும், குழந்தையைப் பார்த்துக்க" என்று உறவினரிடம் சொல்லி வைக்காதீர்கள். நீங்கள் சொல்லி வைத்த அந்த வார்த்தைதான் மே மாதத்தில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறது. வீட்டு வேலைக்கு வந்த சிறுமியைப் படிக்க வைப்பதாகச் சொல்கிறவர்களிடம், எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் என்று கேளுங்கள்.

இப்போதே உங்கள் தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகள் யார் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ரிசல்ட் வருகிற அன்று சாயங்காலத்துக்குள் பெயிலான பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்விடுங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யார் வரவில்லை என்று பாருங்கள். சந்தேகம் என்றால் 1098ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், கூப்பிட்டது யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.